ஹுமாயூனுக்கு முந்தைய பாரசீகம்: என் நெட் அனுபவம்

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் ரிசல்ட் வந்து மூன்று நாளாகிறது. காட்சிக்கலையில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் இரண்டு கேள்வியில் போய்விட்டது, பஹாரி (இமயமலை அடிவார அரசுகளின்) ஓவியங்களை அலட்சியமாக விட்டதற்குக் கூலி. அந்த வயிற்றெரிச்சல் இருக்கட்டும்.

முதல் முயற்சியில் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு வரி. "இந்திய ஓவியத்தில் பாரசீகச் செல்வாக்கு: முகலாய மன்னர் ஹுமாயூன் கொண்டுவந்தது" என்று என் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். கால வரிசைக் கேள்வியில் நிமத்நாமா என்ற படச் சுவடியைப் பார்த்ததும், பாரசீகச் சாயல் உள்ளது ஆயிற்றே என்று, அக்பர் காலத்து ஹம்சாநாமாவுக்குப் பின்னால் தள்ளினேன். ஏறக்குறைய அறுபது வருடம் தப்பு. அதே குழப்பம் பொருத்துக, கூற்று-காரணம் என்று எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த முறை நோட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படங்களை மட்டும் அச்செடுத்து பீரோ கதவில் ஒட்டினேன். எனக்கு வரிகள் மனதில் நிற்காது, முகங்கள் நிற்கும். வரி நிற்பவர்கள் தங்கள் வழியிலேயே போகலாம்.

ஒட்டிய முதல் படம் காலகர் என்ற சமணத் துறவியின் கதையைச் சொல்லும் காலகாசாரிய கதை. மேற்கிந்திய சமணச் சுவடிகளில் பக்கவாட்டு முகத்தைத் தாண்டி இன்னொரு கண் காற்றில் துருத்திக்கொண்டு நிற்கும், தெரியும்தானே. காலகரும் அப்படித்தான் இருக்கிறார். ஆனால் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் சாகி (சக இனத்து) அரசனுக்கு உருண்டை முகம், சாய்ந்த கண்கள். இரண்டு கண்ணும் முகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அந்நியன் என்று காட்ட, ஓவியர் பாரசீகப் படங்களின் முகச் சாயலை எடுத்து அவனுக்கு மட்டும் வைத்திருக்கிறார். ஹுமாயூன் பிறப்பதற்கு வெகு முன்பே! இதைப் பார்த்த அன்றே பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்தது நிமத்நாமா. மத்திய இந்தியாவில் மாளவத்தின் தலைநகரான மாண்டுவின் சுல்தான் கியாத் ஷாவின் சமையல் புத்தகம், அவர் மகன் நாசிர் ஷா காலத்தில் முடிந்தது. பெரிய மீசையோடு சுல்தான் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பெண்கள் சமைக்கிறார்கள். சமோசாவுக்கே பல செய்முறைகள் உண்டு. தரையில் கொத்துக் கொத்தாக முளைத்திருக்கும் புல் பாரசீக நகரமான ஷிராஸின் ஓவியங்களிலிருந்து வந்தது. பெண்கள் பலர் முகத்திலும் உடையிலும் நம் ஊர்க்காரிகள்.

நான் மனப்பாடம் செய்த வரிசை:

1439 – மாண்டு கல்பசூத்திரம் (சமண நூல்)
1465 – ஜவுன்பூர் கல்பசூத்திரம்
1500ஐ ஒட்டி – நிமத்நாமா
1516 – ஆரண்யக பர்வம் (மகாபாரதப் பகுதி)
1549 – பாரசீக ஓவியர்கள் மீர் சையித் அலி, அப்துஸ் சமத் இருவரும் காபூலில் ஹுமாயூனிடம்
1562 வாக்கில் – ஹம்சாநாமா தொடக்கம்

அப்புறம் சில துணுக்குகள்:

- ஹம்சாநாமா துணியில் வரைந்தது, சுமார் 1400 படங்கள். அதன் ஓவியர்கள் தஸ்வந்த், பசாவன் பெயர்களை விடாதீர்கள்.
- சமணச் சுவடிகள் ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறிய பிறகும் கயிறு கோக்கும் துளையின் இடத்தில் வெறும் வட்டம் வரைந்தார்கள். ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.
- அந்தச் சுவடிகளில் பின்புலம் சிவப்பா, நீலமா என்று பாருங்கள். லாபிஸ் கல்லின் நீலமும் தங்கமும் வாரி இறைத்திருந்தால் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு.

எல்லாருக்கும் பொதுவான முதல் தாளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது தானாக நடந்தது. ஜேஆர்எஃபுக்காக டிசம்பரில் மறுபடி தேர்வு எழுதுகிறேன். பீரோ கதவில் பஹாரிக்கு இடம் வேண்டும். சாகி அரசனைக் கழற்றத்தான் மனம் வரவில்லை.