எல்லாமே ‘சம்மதி’தானா? ஆங்கிலத் தேர்வில் வழுக்கிவிடும் வினைச்சொற்கள்

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் அரை மதிப்பெண் கழியும். அக்ரீ (agree), கன்சென்ட் (consent), அக்ஸீட் (accede), அக்வியெஸ் (acquiesce) நான்குக்கும் நோட்டில் ‘சம்மதி’ என்று எழுதி உருப்போட்டவருக்கு, கோடிட்ட இடத்தில் நான்கு விடையும் சரியாகவே தெரியும். அரை மதிப்பெண் போவது அங்கேதான்.

ஒவ்வொரு சொல்லிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். வாய் திறந்து சொன்னாரா? வேண்டாம் என்று மறுக்க அவரால் முடிந்திருக்குமா?

கன்சென்ட் என்றால் மறுக்கும் உரிமை உள்ளவர் தரும் அனுமதி. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி கையெழுத்திடுவது இதுதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கன்சென்ட்டைச் சுதந்திரமான சம்மதமாகக் கருதுவதில்லை. அஸென்ட் (assent) இன்னும் சடங்கானது; மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ தரும் ஒப்புதல். அரசமைப்பில் 111, 200ஆம் பிரிவுகளில் இருப்பது இந்தச் சொல்தான். மலை ஏறுவதைக் குறிக்கும் அஸென்ட்டுக்கும் (ascent) இதே உச்சரிப்பு. இரண்டு எஸ் வந்தால் ஒப்புதல், எஸ்ஸை அடுத்து சி வந்தால் ஏற்றம்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது அக்வியெஸில். லத்தீனில் ‘அமைதியாக இரு’ என்ற வேரிலிருந்து வந்தது. பிடிக்கவில்லை, ஆனாலும் எதிர்க்காமல் இருந்துவிட்டார் என்று பொருள். நம்முடைய ‘மௌனம் சம்மதம்’ பக்கத்தில் வரும், ஆனால் அதில் வெட்கமும் விருப்பமும் இருக்கலாம். அக்வியெஸில் விருப்பம் கிடையாது, முணுமுணுப்புதான். வணிகச் சின்னச் சட்டம் 1999, 33ஆம் பிரிவில் இதன் பெயர்ச்சொல்லைக் காணலாம்: பிறர் பதிவுசெய்த சின்னத்தைப் பயன்படுத்துவது தெரிந்தும் தொடர்ந்து 5 ஆண்டுகள் பேசாமல் இருந்த முந்தைய சின்னத்தின் உரிமையாளர், பிறகு பொதுவாக அதை எதிர்க்க முடியாது.

அக்ஸீடில் எதிரே ஒரு கோரிக்கை நிற்கும். கேட்டதற்கு இசைந்தார் என்பது பொருள். உடன்படிக்கையில் சேர்வதற்கும் அரியணை ஏறுவதற்கும் இதே சொல். 1947 அக்டோபர் 26 அன்று காஷ்மீர் மன்னர் ஹரி சிங் கையெழுத்திட்ட இணைப்பு ஆவணத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இதன் பெயர்ச்சொல்தான்.

கம்ப்ளைக்கு (comply) மேலே விதியோ உத்தரவோ இருக்கும். மனம் ஒப்பியதா என்று அது கேட்பதில்லை. நடந்தாரா என்பதே கணக்கு. ரிலென்ட் (relent), முதலில் பிடிவாதமாக இருந்தவர் பிறகு இளகுவது. சக்கம் (succumb), தாக்குப்பிடிக்காமல் பணிந்துபோவது; நாளிதழ் படிப்பவருக்குப் பழக்கமானது: காயங்களுக்குத் தாக்குப்பிடிக்காமல் இறந்தார்.

கன்சீட் (concede) என்பதைத் தனியாகப் படியுங்கள். ‘நீ சொல்வது உண்மைதான்’ என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்வதும் அதுவே, பந்துவீச்சாளர் ஓவரில் 20 ரன் விட்டுக்கொடுப்பதும் அதுவே. தோல்வியைச் சொல்லும்போது நேராகத் தோல்வி என்ற சொல்லே வரும். நடுவில் ‘டு’ போட்டால் பிழை.

பிழை காணும் கேள்விகளில் முன்னிடைச்சொல்தான் (டு, வித், இன் போன்றவை) பொறி. கன்சென்ட், அஸென்ட், அக்ஸீட், யீல்ட் (yield, விட்டுக்கொடு), சக்கம் ஐந்துக்கும் ‘டு’. கம்ப்ளைக்கு ‘வித்’ மட்டும். அக்வியெஸுக்கு ‘இன்’, ‘டு’ போட்டு எழுதுவோரும் உண்டு, அகராதிகளும் ஏற்கின்றன, ஆனால் தேர்வில் ‘இன்’ பாதுகாப்பானது. அக்ரீ மூன்று வேடம் போடும்: ஆளோடு என்றால் ‘வித்’, யோசனைக்கு என்றால் ‘டு’, பேசி முடித்த தேதிக்கு ‘ஆன்’.

ஒரு கேள்வி பார்ப்போம். பத்து நாள் வேலைநிறுத்தத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு நிர்வாகம் தொழிலாளர் கோரிக்கைக்கு ______. ஆங்கில வாக்கியத்தில் கோட்டுக்குப் பின் ‘டு’ இருக்கிறது. விடைகளில் கம்ப்ளை, அக்வியெஸ், கன்சென்ட், அக்ஸீட். ‘டு’வைப் பார்த்ததும் கம்ப்ளை போய்விடும். பேச்சுவார்த்தை நடந்து வாய் திறந்தே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அக்வியெஸும் போகும். கன்சென்ட் இலக்கணப்படி பொருந்தும். ஆனால் எதிரே நிற்பது அனுமதி கேட்டு வந்த விண்ணப்பமல்ல, அழுத்தத்தோடு வந்த கோரிக்கை. அக்ஸீடைக் குறியுங்கள்.