8 மில்லி தகடும் ஒரு டப்பா பெயிண்டும்

இரும்புக் குழாய் நசுங்கும் சத்தத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். வெடிச்சத்தம் மாதிரி இருக்காது. காலி எண்ணெய் டின்னை யாரோ மிதித்தது போல ஒரு 'டொம்'. மிதித்தவன் மட்டும் யானை அளவு இருக்க வேண்டும். பனிமூட்டத்தில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கூட இருந்த கேங்மேன், "சார், பாறை உருண்டிருச்சு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீலகிரியில் ஒரு நீர்மின் நிலையத்தில் பென்ஸ்டாக், அதாவது மலை மேலிருந்து டர்பைனுக்குத் தண்ணீர் இறக்கும் இரும்புக் குழாய், அதன் பராமரிப்பு என் வேலை. மேலே வால்வ் ஹவுஸ், கீழே பவர் ஹவுஸ், நடுவில் சுமார் 700 மீட்டர் இறக்கம். அடிக்குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம். அதனால் அங்கே தகடு கனமாக இருக்கும். மேலே 3, 4 கிலோதான் வரும் என்பதால் ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்கு 8 மில்லி தகடே போதும் என்று விட்டிருந்தார்கள்.

வருஷாந்திர ஷட்டவுனில் மேலே பட்டர்ஃபிளை வால்வை மூடி, கீழே திறந்து குழாயைக் காலி செய்வோம். தண்ணீர் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்கென்று வால்வை ஒட்டி ஏர் வால்வ் இருக்கும். அதன் வாயில் சருகு, பறவை போகாமல் கம்பி வலை. குழாய் நசுங்கிய அந்த ஷட்டவுனுக்கு முந்தைய மாதம்தான் தார் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். ஆட்கள் குறை வைக்காமல் அடித்திருந்தார்கள், வலையையும் சேர்த்து. வேலை சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். கண்ணி கண்ணியாக அடைபட்டுக் கிடந்த வலையைப் பார்த்து, 'பளபளன்னு இருக்கே' என்று திருப்திப்பட்டவனும் நான்தான்.

உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளியே இருந்த வெறும் காற்று குழாயை நசுக்கிவிட்டது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் 1 கிலோகூட இல்லை, ஏறக்குறைய 0.8 தான். உள்ளிருந்து வருஷக்கணக்கில் 4 கிலோவைத் தாங்கிய தகடு வெளியிலிருந்து வந்த 0.8 கிலோவுக்கு மடங்கிப்போனது. அன்று இரவு சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குழாய் 0.7 கிலோவுக்கே மடங்கும் என்று வந்தது. கணக்கு சரியாக வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

இந்தக் கதையை ஓய்வுபெற்ற பிறகு கோத்தகிரியில் ஒரு டீக்கடையில் சொன்னேன். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் தம்பி கடற்படையில் நீர்மூழ்கியில் இருந்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணா, நீங்க மலை மேல சப்மரீன் ஓட்டியிருக்கீங்க" என்றார்.

அதிலிருந்து அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அதிகமாகக் கட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கியின் அழுத்த உடல் (கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உருளை, ஆட்கள் அதற்குள்தான்) 4.7 மீட்டர் குறுக்களவு, தகடு 18.5 மில்லி. விகிதம் பார்த்தால் என் 8 மில்லி குழாயைவிட அது மெலிசு! வெறும் குழாயாக மட்டும் இருந்தால், அதே சூத்திரப்படி 3 மீட்டர் ஆழத்திலேயே நசுங்கிவிடும். ஆனால் அது 200 மீட்டருக்கும் கீழே போய் வந்தது. அங்கே உள்ளங்கை அளவு இடத்தில் 2 டன் பாரம். காரணம், உள்ளே நெருக்கமாக வைத்துப் பற்றவைத்த வளையங்கள். கூடைக்கு வளையம் போல. தகடு தண்ணீரைத் தடுக்கிறது, வட்டத்தைக் காப்பாற்றுவது வளையம்.

அதனால்தான் 'அடிபட்ட நீர்மூழ்கி பிழைக்குமா' என்றால், எங்கே அடி என்று நான் திருப்பிக் கேட்பேன். 1944 அக்டோபர் 30ஆம் தேதி, ஜப்பானின் கியூஷூவுக்குத் தெற்கே அமெரிக்காவின் 'சால்மன்' நீர்மூழ்கி மீது, தண்ணீருக்குள் இறங்கி வெடிக்கும் குண்டுகள் விழுந்தன. அதற்கு அனுமதித்த ஆழம் 250 அடி. கட்டுப்பாடு இழந்து 500 அடிக்கும் கீழே போய்விட்டது. தகடுகள் உள்வாங்கின, பல இடங்களில் ஒழுகல். ஆனாலும் வட்டம் விட்டுப்போகவில்லை. மேலே வந்து, பீரங்கியால் சண்டை போட்டுத் தப்பி, சைபான் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதன் பிறகு அதைப் போருக்கு அனுப்பவில்லை. ஆட்களை வேறொரு புதுக் கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. எங்கள் குழாயில் லேசாகத் தட்டையான ஒரு துண்டு, மெதுவாகத் தண்ணீர் நிரப்பியதும் தானாக வட்டத்துக்கு வந்துவிட்டது. மடிப்பு விழுந்த துண்டைத்தான் வெட்டி மாற்றினோம். நீர்மூழ்கிக்கு அந்த வசதி கிடையாது. அதன் அழுத்தம் எப்போதும் வெளியிலிருந்து. ஒரு தடவை விழுந்த பள்ளத்தை அடுத்த முழுக்கு இன்னும் ஆழமாக்கத்தான் பார்க்கும்.

ஓட்டையே விழுந்தும் பிழைத்தது உண்டு. 1942 நவம்பர் 10, டிரினிடாட் பக்கம் ஜெர்மனியின் யூ-505 நீர்மூழ்கி நீர்மட்டத்தில் போய்க்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் விமானம் ஒன்று மிகத் தாழப் பறந்து குண்டு போட்டது. குண்டு தளத்திலேயே வெடித்து, போட்ட விமானமும் அதில் சிதறி விழுந்தது. அழுத்த உடல் கிழிந்தது. கப்பலைக் கைவிடச் சொன்னார் கேப்டன். இயந்திரப் பகுதி ஆட்கள் விடவில்லை. பம்பு போட்டு, ஒட்டுப் போட்டு, டிசம்பரில் பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தே விட்டார்கள். (ஒரு மெயின்டனன்ஸ்காரனுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?) 1944இல் அமெரிக்கர்கள் பிடித்த அந்தக் கப்பல் இன்றும் சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அது மேலே இருந்ததால் பிழைத்தது. அதே ஓட்டை ஆழத்தில் விழுந்திருந்தால் பேச்சே இல்லை. 100 மீட்டரில் ஓர் அங்குல ஓட்டை என்றால் நிமிஷத்துக்கு சுமார் 800 லிட்டர் உள்ளே வரும். தண்ணீருக்குள் சமன் செய்து நிற்கும் கப்பலுக்கு ஒவ்வொரு டன்னும் கணக்கு. வருவது பேட்டரி அறைக்குப் போனால் அமிலத்தோடு கடல்நீர் கலந்து குளோரின் வாயு வேறு.

"தகடு கிழியறது கடைசியில தாண்ணா," என்றார் தம்பி. "அதுக்கு முன்னாடியே வால்வ், கேஸ்கட், பைப் ஜாயின்ட்னு ஏதாவது கை விட்டுரும்." அப்புறம் 'தீட்டிஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி பற்றிச் சொன்னார். 1939 ஜூன் 1, லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டம். டார்பிடோ குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னத் துளை. திறந்தால் ஒன்றும் வரவில்லை, குழாய் காலி என்று நம்பி உள்கதவைத் திறந்தார்கள். வெளிமூடி திறந்தே இருந்தது. கடல் உள்ளே வந்தது. 99 பேர் இறந்தார்கள். தப்பியது 4 பேர். அந்தத் துளையை அடைத்திருந்தது பெயிண்ட்.

டீ ஆறிப்போய்விட்டது. அந்தத் துளையைக் குத்திவிட அங்கேயே ஒரு கம்பி இருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம்.

என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள் ஸ்போக். குழாய் நசுங்கிய வருஷத்திலிருந்து ஓய்வுபெறும் வரை, ஷட்டவுனுக்கு முந்தின நாள் வால்வ் ஹவுஸுக்கு ஏறிப் போய் அந்த வலையைக் கண்ணி கண்ணியாகக் குத்திப் பார்ப்பேன். "மழையில இது எதுக்கு சார்?" என்று கேங்மேன் குடையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார். குத்தி முடிக்க இருபது நிமிஷம் ஆகும்.