தெப்பக்குளத்திலிருந்து தல்லாகுளம் வரை

மே 5, 2025

சின்னவள் பள்ளிக்குச் சைக்கிளில் போக வழி பார்ப்பதற்காகக் காலை 8.10-க்குத் தெப்பக்குளத்திலிருந்து சைக்கிளில் கிளம்பிக் காமராசர் சாலை வழியாகச் சென்றேன். முனிச்சாலையிலேயே திரும்பிவிட்டேன்.

மே 6

அதே நேரத்தில் அதே சாலையில் மீண்டும் சென்றேன். முனிச்சாலைச் சந்திப்பில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்து, ஓபுளா படித்துறைப் பாலத்தின் வழியாக வடகரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தொலைவு குறைவுதான். ஆனால் காமராசர் சாலையில் கடைகளின் முன் நிற்கும் வண்டிகளை விட்டு ஒதுங்கினால் பேருந்துக்கு முன்னால் போக வேண்டியிருக்கிறது. பேருந்துக்கு ஒதுங்கினால், நிற்கும் காரின் கதவு எந்த நொடியில் திறக்குமோ என்ற பயம் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடம் நான் கைகளை விரித்தால் வரும் அகலம்கூட இல்லை. வடகரை ஏறிய பிறகு கோரிப்பாளையத்தில்தான் போய் முட்ட வேண்டும். அங்கே மேம்பால வேலைக்காகத் தடுப்புகளை மாற்றி மாற்றி வைப்பதால், நேற்றுப் போன வழி இன்று இருப்பதில்லை. ஆகவே இந்த வழி வேண்டாம்.

மே 8

மீனாட்சி திருக்கல்யாணம், கயிறு மாற்றிக்கொண்டேன். ஊரில் எந்தச் சாலையும் அன்றாட நிலையில் இல்லாததால் இன்று எடுக்கும் கணக்கு எதற்கும் உதவாது.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் நின்றபோது சின்னவள் ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் காட்டி, இதில் போனால் நேர்வழிதானே என்று கேட்டாள். 1889-இல், மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போன காலத்தில் கட்டிய பாலம் அது. இன்று கோரிப்பாளையம் போகும் பேருந்துகளையும் கார்களையும் அது சுமக்கிறது. கூடாது என்று மட்டும் சொன்னேன். ஏன் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

மே 14

இன்று குருவிக்காரன் சாலைப் பாலத்தின் வழியாகச் சென்றேன். இதை ஏன் முதல் நாளே பார்க்கவில்லை என்று தெரியவில்லை. கிழக்கே சுற்றிப் போக வேண்டும் என்பதாலேயே விட்டிருக்கிறேன். பாலம் அகலமாக இருக்கிறது. ஓரமாக மிதிப்பவரைத் தாண்டிச் செல்லப் பேருந்துக்கு வேண்டிய இடம் இருக்கிறது. வடகரையில் இறங்கியதும் கொஞ்சம் நெரிசல் உண்டு. அதன்பின் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பக்கம் திரும்பி, காந்தி அருங்காட்சியகத்தை ஒட்டித் தமுக்கத்துக்குப் போனால், கோரிப்பாளையத்தைத் தொடாமலேயே தல்லாகுளம் வந்துவிடுகிறது. அருங்காட்சியகச் சாலையில் மரங்கள் இருக்கின்றன. பாலத்தின் மேல் ஒரு நிழலும் இல்லை, கத்திரி வெயில் காலை எட்டரைக்கே முகத்தைச் சுடுகிறது. அதைத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை 27 நிமிடம். காமராசர் சாலை வழியைவிட ஐந்து நிமிடம்தான் கூடுதல். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

மே 17

பெண்களுக்குப் பேருந்து இலவசமாக இருக்கும்போது சைக்கிள் எதற்கு என்று அவள் அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். 2021-இலிருந்து நானும் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன், மிச்சமாகும் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் காலை நேரத்தில் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும் பேருந்தில், முதுகில் புத்தகப் பையோடு, அந்தப் பிள்ளை இடையில் ஒருமுறை இறங்கி வேறு பேருந்துக்கு மாற வேண்டும். அதோடு, அவள் சைக்கிளில்தான் போவேன் என்கிறாள். அந்தச் சைக்கிளில்தான் போவேன் என்கிறாள்.

மே 20

சைக்கிளைக் கடைக்கு எடுத்துச் சென்றேன். இரண்டு டயரும் டியூபும் மாற்றி, பிரேக் கட்டைகள் புதிதாகப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டுத் தந்தார்கள். கடைக்காரர் சீட்டைத் தாழ்த்துவதற்காக நட்டைத் தளர்த்தியபோது, அந்தக் குழாயில் பெரியவன் உயரத்துக்கு இறுக்கிய இடத்தில் ஒரு வளையம் பளபளவென்று தெரிந்தது. மற்ற இடமெல்லாம் துரு. அவர் அதைத் துடைக்கப் போனார். வேண்டாம் என்றேன்.

மே 21

முனிச்சாலைக்குப் போனேன். நடந்துதான் போனேன்.

மே 23

நேற்று இரவு பெய்த கோடை மழைக்குப் பிறகு வழியை மறுபடியும் பார்த்தேன். பாலத்துக்குத் தென்புறம் ஓரிடத்தில் மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கின்றன. குறுக்காகப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. இப்படிக் கிடந்தால் சைக்கிளின் மெல்லிய சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். தண்ணீர் தேங்கினால் கம்பியே கண்ணுக்குத் தெரியாது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் மாற்றாவிட்டால், மழை நாட்களில் அவள் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இதை அவளிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

மே 24

இரவு முழுவதும் அந்தக் கம்பிகளே நினைவில் நின்றன.

மே 28

கத்திரி இன்றோடு முடிகிறது. அவளை முன்னே விட்டு நான் பின்னால் போனேன். கையைக் காட்டித் திரும்புகிறாள், பேருந்தின் இடப்பக்கம் நுழைவதில்லை, சந்திப்பில் நின்று ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

ஜூன் 1

மணி அடிக்கிறது, பிரேக் பிடிக்கிறது, காற்று போதுமான அளவு இருக்கிறது.

ஜூன் 2

பள்ளி திறந்தது. மாலையில் வந்து பையை வைத்ததும், காலையில் 24 நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னாள். உடன் படிக்கும் பெண் ஒருத்தி காட்டியதாக, தமுக்கத்துக்கு முன்பே திரும்பும் ஒரு சந்து வழியாகப் போனாளாம். அப்படி ஒரு சந்தை நான் கவனித்ததே இல்லை. அதன் முனையில் வண்டிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று கேட்டேன், அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாளைக் காலை 5.30-க்குப் போய்ப் பார்த்துவிட்டு, அவள் கிளம்புவதற்குள் திரும்பிவிட வேண்டும்.