விசில் ஊதுகிறவருக்கு ஒரு தமிழ்ப் பெயர்

போன வாரம் ஓர் அலுவலகக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். முறைகேடுகள் பற்றிய பகுதி. 'ரெட் ஹேண்டட்' வந்தபோது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம்மிடம் 'கையும் களவுமாக' இருக்கிறது. ஸ்காட்லாந்துச் சட்டவழக்கில் பிறந்த அந்தத் தொடரில் கையில் இருப்பது இரத்தம். நம் கையில் இருப்பது திருட்டுப் பொருள். அவ்வளவுதான் வித்தியாசம்.

'ஸ்மோக்கிங் கன்', அதாவது 'புகையும் துப்பாக்கி', கொஞ்சம் படுத்தியது. வாட்டர்கேட் என்ற அரசியல் முறைகேட்டின் விசாரணையை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தொடராமல் தடுக்க அதிபர் நிக்சன் 1972 ஜூன் 23 அன்று பேசியது பதிவான ஒலிநாடாவுக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அது 1974 ஆகஸ்ட் 5-இல் வெளியானது. 9-ஆம் தேதி அவர் பதவி விலகினார். 'மறுக்க முடியாத ஆதாரம்' என்று எழுதினேன். துப்பாக்கி போய்விட்டது, பொருள் நின்றது. சரி.

அப்புறம் 'விசில் புளோயர்'. நேர்ப்பொருள் விசில் ஊதுபவர்; தான் வேலை பார்க்கும் இடத்து முறைகேட்டை வெளியே சொல்பவர். விரல் தானாகவே 'காட்டிக்கொடுப்பவர்' என்று தட்டியது. உடனே அழித்தேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், போகாத பயணங்களுக்கு ஒருவர் பணம் எடுத்துவந்தார். ரசீதுகளோடு போய் மேலதிகாரியிடம் சொன்னேன். எடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கட்டினார், விஷயம் முடிந்தது. எனக்கு மட்டும் அது முடியவில்லை. "அவதான் காட்டிக்கொடுத்தா" என்ற பேச்சு, நான் அந்த வேலையை விடும்வரை கூடவே வந்தது. மதிய இடைவேளையில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

குட்டை உடைக்கிறோம், முகத்திரையைக் கிழிக்கிறோம், வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுகிறோம். வினைக்குப் பஞ்சமே இல்லை. அதைச் செய்கிற ஆளுக்குத்தான் பேச்சுவழக்கில் மரியாதையான பெயர் இல்லை. கோள்சொல்லி, காட்டிக்கொடுத்தவள்... இவைதான் கைக்கு வருகின்றன. ஆங்கிலத்திலும் 'ஸ்னிட்ச்', எலி என்று பொருள்படும் 'ரேட்' என வசைகள்தான் இருந்தன. 1970களின் தொடக்கத்தில், நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய அமெரிக்கரான ரால்ஃப் நாடர் 'விசில் புளோயர்' என்ற சொல்லை வேண்டுமென்றே நல்ல பொருளில் முன்னிறுத்தினார். ஆட்டத்தில் தப்பு நடந்தால் நடுவர் விசில் ஊதுகிறார். அவரை யாரும் துரோகி என்பதில்லை. அன்றைக்கு இந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

'முறைகேட்டை வெளிக்கொணர்பவர்' என்று எழுதினேன். நீளம்தான். "தகவல் தருபவர்னு போட்டா போதுமே" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தகவல் யார் வேண்டுமானாலும் தரலாம், இவர் செய்வது வேறு என்று விளக்கி எழுதினேன். கையேட்டில் அந்தச் சொல் 14 இடங்களில் வருகிறது. 14 இடத்திலும் முழுதாகவே எழுதி அனுப்பியிருக்கிறேன்.