ஆத்துக்கும் கொஞ்சம் தண்ணி

நீர்மின் திட்டங்களுக்கு ஆத்துத் தண்ணியை அளந்து அறிக்கை எழுதுறதுதான் என்ட வேலை. "மட்டக்களப்பில நீர்மின்னுக்கு மலை எங்க?" எண்டு கேக்கிறாங்க. அம்பாறைப் பக்கம் இங்கினியாகலயில இருக்குத்தானே! அங்க இருக்கிற பெரிய நீர்த்தேக்கம், சேனநாயக்க சமுத்திரத்தில திறக்கிற தண்ணி வயலுக்கு. போற வழியில டேர்பைனைச் சுழல வச்சு, முழுத் திறனில 11 மெகாவாட் அளவு தருது. எனக்குப் பிடிச்ச ஒழுங்கு அது.

மலையாறுகளில சின்னத் திட்டங்கள் வேற மாதிரி. அணைக்கட்டில மறிச்ச தண்ணி குழாயால மின்நிலையத்துக்குப் போயிரும். இடையில கிடக்கிற ஆறு காயும். அந்தத் துண்டிலதான் மீன், குளிக்கிற துறை எல்லாம். கோடையிலும் அதுக்குள்ள எவ்வளவு தண்ணி விடோணும் எண்டு அறிக்கையில சொல்லுற பக்கத்துக்காக நான் எப்பவும் மல்லுக்கட்டுவன்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைப்பாங்க. வாசிச்சு உங்கட கருத்தை எழுதிக் குடுங்க. திட்டக்காரர் அதுக்குப் பதில் சொல்லோணும்.