கரண்ட் போனாலும் எண்ணு

கொழும்பு வாழைத்தோட்டத்தில் ஒரு சின்ன அச்சகம். உள்ளே ஒரு ஹைடல்பேர்க் விண்ட்மில் மெஷின், என்னைவிட வயசு கூடியது. காற்றாடி மாதிரி இரண்டு கைகள் சுழன்று தாளைப் பிடித்துக் கொடுக்கும். முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு 5000 தாள் அடிக்கும். பில் புத்தகம், பார்மசி உறை, கல்யாண அழைப்பிதழ், எல்லாம் அதில்தான். யாரோ எப்போதோ அதில் பூட்டிவிட்ட, தாள் எண்ணும் பழைய கவுண்டர் ஒன்று இருந்தது, இலக்கச் சில்லுகள் உருளுகிற ஜாதி. அது தேய்ந்து, நூறு தாண்டினால் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியிருந்தது. "எலெக்ட்ரோனிக்கா ஒண்டு செஞ்சு தாங்க தம்பி" என்றார் ஃபோர்மன் நானா. ஒரே நிபந்தனை, கரண்ட் போனால் நம்பர் போகக்கூடாது.

நியாயமான நிபந்தனைதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய ஊர் இது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாட்டையும் இருட்டாக்கியது. (அன்று ஞாயிறு. அச்சகம் பூட்டு. நானா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.) 3000 தாள் ஓடரில் 1870-ல் கரண்ட் போய், திரும்பி வரும்போது கவுண்டர் 0 காட்டினால், ஒருவர் உட்கார்ந்து கையால் எண்ண வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எல்லாரும் சொல்லும் பதில் "ஒரு பற்றரி போட்டாச் சரிதானே". சரிதான், ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். சிடி4026 என்றொரு சிப் இருக்கிறது. பூச்சியம் முதல் ஒன்பது வரை எண்ணி, ஏழு கோடு டிஸ்பிளேயை நேரே எரிய வைக்கும். ஓர் இலக்கத்துக்கு ஒரு சிப். 3 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரை எதிலும் உயிர் வாழும், சும்மா இருக்கும்போது குடிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். ஆகவே டிஸ்பிளேயை அணைத்துவிட்டு சிப்பை மட்டும் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் இரண்டு டயோட் வழியாகப் பற்றரியில் தொங்கவிட்டால், இலக்கம் மாதக்கணக்கில் நிற்கும். டிஸ்பிளேயை அணைக்கவும் எண்ணுவதைத் தடுக்கவும் அந்தச் சிப்பிலேயே தனித்தனிக் கால்கள் இருக்கின்றன. அந்த இரண்டாவது காலைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். வோல்ட் 12-லிருந்து 3-க்கு விழும் அந்த நேரத்தில் எண்ணச் சொல்லும் கிளொக் வயரில் வரும் சின்னச் சின்னத் துடிப்பெல்லாம் தாளாகக் கணக்கில் ஏறிவிடும். நினைவு பத்திரமாக இருக்கும், நினைவில் இருப்பது பிழையாக இருக்கும்.

பற்றரியில் எனக்கு வேறு கோபமும் உண்டு. நான் இருப்பது வெள்ளவத்தையில், கடலுக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். அந்தக் காற்றில் பற்றரி ஹோல்டரின் ஸ்பிரிங் பச்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். பற்றரியை மாற்றக் கழற்றும் நேரத்தில் கரண்ட் இல்லாவிட்டால் கதை முடிந்தது.

இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, புரோகிராம் எழுதி ஓட்டும் மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்கு உள்ளேயே ஈஈப்ரொம், அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவு, இருக்கிறது. நான் எடுத்தது ஏட்மெகா 328பி. ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் அதே சிப், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தனியாகவும் வாங்கலாம். உள்ளே 1024 பைட் ஈஈப்ரொம். கரண்ட் இல்லாமல் பல வருஷம் வைத்திருக்கும். ஆனால் ஓர் இடத்தில் 100,000 தடவைதான் எழுதலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. அதற்குமேல் எழுதினாலும் எழுதும், நம்பமுடியாது, அவ்வளவுதான்.

இலட்சம் என்றால் நிறைய மாதிரித் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தடவை எழுதினால், மணித்தியாலத்துக்கு 5000 வீதம் 20 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் மூன்றாம் நாளே அந்த இடம் தன் கணக்கைத் தாண்டிவிட்டிருக்கும்.

உடனே அடுத்த யோசனை வரும். ஒரே இடத்தில் எழுதாமல் சுற்றிச் சுற்றி எழுதுவோம். இலக்கத்துக்கு 4 பைட், வரிசை எண்ணுக்கு 2, சரிபார்க்க 2, ஆக 8. 1024-ஐ 8-ஆல் வகுத்தால் 128 இடம். 128 இலட்சம் தடவை எழுதலாம். இணையத்தில் பல பேர் இந்த இடத்தில் திருப்தியோடு எழுந்துபோய்விடுகிறார்கள். மணித்தியாலத்துக்கு 5000 என்று பாருங்கள்: 2560 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 320 நாள். என்னைவிட வயசு கூடிய மெஷினுக்கு ஒரு வருஷ ஆயுளோடு ஒரு கவுண்டர் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் எழுதுவதையே விட்டுவிட வேண்டும். ராமில், கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவில், எண்ணிக்கொண்டு போ, கரண்ட் போகும் அந்தக் கணத்தில் மட்டும் எழுது. ஒரு நாளில் பத்துத் தடவை போய் வந்தாலும் ஒரே இடத்திலேயே எழுதினால்கூட 27 வருஷம் வரும். இப்படி யோசிக்கத் தொடங்கியதும் ஈஈப்ரொம் பற்றிய கவலை போய், கரண்ட் போகிறதென்று சிப்புக்கு யார் சொல்வது என்ற கவலை வந்துவிடுகிறது. இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான்.

சிப்புக்குப் போகும் 5 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். அது விழும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்த 5 வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு டயோட், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கும் ஒரு சின்னக் கப்பாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர் போட்டு, இரண்டு வோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்க சிப்புக்குள் இருக்கும் கம்பரேட்டருக்குக் கொடுத்தேன். அது முதலில் விழும். ரெகுலேட்டர் பக்கத்தில் 2200 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் நிற்கிறது. 50 மில்லி அம்பியர் எடுத்தால் அது 12 வோல்ட்டிலிருந்து 7-க்கு இறங்க 0.22 செக்கன் ஆகும். ஒரு பைட் எழுத 3.4 மில்லிசெக்கன், 8 பைட்டுக்கு 27. தாராளம். செய்தி வந்தவுடன் முதல் வேலை டிஸ்பிளேயை அணைப்பது, பெரிய தீனிக்காரன் அதுதான்.

புது இலக்கத்தைப் பழையதின் மேல் எழுதக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த இடத்தில் எழுத வேண்டும். பாதியில் செத்தாலும் பழையது முழுசாக இருக்கும், சரிபார்ப்பு எண் ஒத்துவராததைத் தள்ளிவிட்டு முன்னையதை எடுத்துக்கொள்ளலாம். புதுச் சிப்பில் எல்லா பிட்டும் 1. அதைக் கவனிக்காமல் விட்டால் முதல் நாளே 4294967295 தாள் அடித்ததாகக் காட்டும். வோல்ட் குறைந்தால் சிப்பை நிறுத்திவிடும் பிரவுன் அவுட் காவலையும் போட வேண்டும். வோல்ட் குறைந்த சிப் சும்மா சாகாது, சாகும்போது உளறும், அந்த உளறலில் ஈஈப்ரொமில் எதையாவது கிறுக்கிவிடும். நான் சிப்பை 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டி, 2.7 வோல்ட்டுக்குக் கீழே நிறுத்தச் சொல்லி வைத்தேன். 16-இல் ஓட்டினால் கிட்டத்தட்ட 3.8 வோல்ட்டாவது வேண்டும், வீணாக அவகாசம் குறையும்.

இந்தத் திட்டத்தை ஒரு கடுதாசியில் கீறி நானாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. ஆனா கரண்ட் போனா மெஷின் டக்கெண்டு நிக்காதே. சில்லு பாரம். இன்னும் கொஞ்சம் தாள் அடிச்சிட்டுத்தான் நிக்கும். அத யாரு எண்ணுற?"

எனக்குத் தெரிந்து எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி. மோட்டர் செத்த பிறகும் ஃப்ளைவீல் சுற்றுகிறது. தாள் ஏறுகிறது, மை படுகிறது. 0.22 செக்கனில் கண்ணை மூடும் கவுண்டருக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. மணித்தியாலத்துக்கு 5000 என்றால் ஒரு தாளுக்கு 0.72 செக்கன், ஒரு தாள்கூட அந்த அவகாசத்துக்குள் அடங்காது. பழைய சில்லுக் கவுண்டருக்கு இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை. மெஷின் சுற்றும்வரை அதுவும் சுற்றும்.

ஆக, நினைவு வைத்திருந்தால் போதாது, விழித்தும் இருக்க வேண்டும். 1 ஃபரட் சூப்பர் கப்பாசிட்டர் ஒன்றைச் சிப்பின் 5 வோல்ட் பக்கத்தில் போட்டேன். டயோட்டில் போவது போக 4.7 வோல்ட் மிஞ்சும். 5 மில்லி அம்பியர் வீதம் 2.7-க்கு இறங்க 400 செக்கன். ஃப்ளைவீல் அவ்வளவு நேரம் சுற்றாது. சென்சரையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் நினைத்திருந்த, இரும்பு பக்கத்தில் வந்தால் உணரும் இண்டக்டிவ் சென்சருக்கு 6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், இருட்டில் அது குருடு. காந்தம் கிட்ட வந்தால் மூடும் ரீட் சுவிட்சும் தண்டில் ஒரு காந்தமும் போட்டேன், அதற்குத் தனிக் கரண்ட் தேவையில்லை. ரீட் சுவிட்ச் ஒரு தட்டலுக்குப் பல தடவை துள்ளும். 50 மில்லிசெக்கனுக்குள் வருவதை எல்லாம் ஒன்றாக எடுத்தால் போதும். கரண்ட் போனவுடன் ஒரு தரம் எழுதும், அதன்பின் வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு தரம். கரண்ட் வந்து, சூப்பர் கப்பாசிட்டர் நிறைய முன் திரும்பப் போனால் 2200 மைக்ரோஃபரட் பார்த்துக்கொள்ளும்.

"எஃப்ராம் போடலாமே" என்று நண்பன் கேட்டான். போடலாம். அதுவும் கரண்ட் போனாலும் அழியாத நினைவுதான். எம்பி85ஆர்சி256வி மாதிரி ஒரு சிப் இலட்சம் கோடி தடவை எழுத இடம் கொடுக்கும், எழுதிவிட்டுக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு தாளுக்கும் பயமில்லாமல் எழுதலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் நானாவின் கேள்விக்கு எஃப்ராமும் பதில் இல்லை. கடிகார மொட்யூல் வாங்கி அதன் நினைவைப் பாவிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஎஸ்1307-இல் பற்றரியில் நிற்கும் ராம் 56 பைட் இருக்கிறது. அதைவிட நேரம் சரியாகக் காட்டும் டிஎஸ்3231-இல் அப்படி ஒன்றும் கிடையாது.

பரீட்சை எளிது. முழு வேகத்தில் ஓடவிட்டு மெயின் சுவிட்சைத் தட்டுவது, மெஷின் தானாக நிற்கும்வரை விடுவது, பிறகு அடுக்கைக் கையால் எண்ணுவது. பெரும்பாலும் ஒத்து வந்தது. சில தடவை அடுக்கில் ஒன்றிரண்டு கூட இருந்தது, அதுவும் கரண்டை நிறுத்தாமல் ஓட்டியபோதும். நானா கூடுதல் தாள்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறும் தாள். உறிஞ்சி இரண்டு தாளை ஒட்டிக்கொண்டு தூக்கியிருக்கிறது, மேல் தாளில் மட்டும் மை. கவுண்டரைப் பொறுத்தவரை அது ஒரு சுற்று, ஒரு தாள். "இது உங்கட டிப்பார்ட்மெண்ட் இல்ல" என்று சொல்லிவிட்டு, விசிறியை நிறுத்தி, தாள்கட்டைக் கையில் எடுத்து ஓரங்களை உதறத் தொடங்கினார்.