ஒரு டம்ளர், ஒரு கதை

ஜூலை 2

அப்பாவுக்கு வலது கண்ணுல விலகுன விழித்திரைய ஒட்ட வைக்கிற ஆபரேஷன், நாளைக்கு காலைல ஏழு மணிக்கு அட்மிஷன். அப்பா ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு சுவத்துல தொங்குற காலண்டரைப் பாக்காங்க, அப்புறம் கையை மாத்தி மத்த கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாக்காங்க. சாயங்காலம் பூரா இதேதான். நான் காப்பிப் பொடிக் கடைக்குப் போய் பீபெரி கால் கிலோ, பிளாண்டேஷன் ஏ கால் கிலோ, சிக்கரி நூத்துக்கு இருவதுன்னு சொல்லி அரைச்சு வாங்கிட்டு வந்தேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் பொட்டலம் சூடா இருந்துச்சு, மடியில ஒரு பூனைக்குட்டிய வச்சிருக்க மாதிரி.

ஜூலை 3

முடிஞ்சது. ரெண்டே கால் மணி நேரம்.

ஜூலை 4

வீட்டுக்கு வந்துட்டோம். ஏழு நாள் குப்புறப் படுக்கணும். 50 நிமிஷம் படுக்கணும், 10 நிமிஷம் எந்திரிக்கலாம், எந்திரிச்சாலும் தலை குனிஞ்சேதான் இருக்கணும். கண்ணுக்குள்ள கேஸ் அடைச்சிருக்கு, அது எப்பவும் மேல மிதக்கும், முகம் கீழ பாத்து இருந்தாத்தான் அது பின்பக்கம் போய் விழித்திரைய அழுத்திப் பிடிக்கும்னு டாக்டர் படம் போட்டுக் காமிச்சார். அதுல எனக்கு மனசுல ஒட்டுனது ஒண்ணுதான், அண்ணாந்து பாக்கவே கூடாது.

எங்கப்பா அறுபது வருஷமா காப்பிய அண்ணாந்துதான் குடிக்காங்க. டம்ளர் விளிம்பு உதட்டுல படாது. தூக்கி ஊத்துனா கழுத்துல அந்த முடிச்சு ஏறி இறங்கும், சின்ன வயசுல நான் அதையே பாத்துக்கிட்டு நிப்பேன்.

பேப்பர் ஸ்ட்ரா ரெண்டு உறிஞ்சுலயே ஊறிப்போச்சு. ஸ்டீல் ஸ்ட்ரா நாக்கைச் சுட்டுருச்சு. ஆத்திக் குடுத்தேன், "ஆறிப்போனா அது என்னத்துக்குளா"ன்னு வச்சுட்டாங்க.

ஜூலை 5

சொட்டு மருந்து மூணு விதம். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் அஞ்சு நிமிஷம் விடணும். அலாரம் வச்சாச்சு. டிகாக்‌ஷன் இறங்கலை.

ஜூலை 6

இன்னைக்கு அப்பாவுக்குக் கதை வாசிக்க ஆரம்பிச்சேன். அப்பா கட்டில் ஓரத்துல ரெண்டு தலகாணிய இடைவெளி விட்டுப் போட்டு முகத்தை அதுல குடுத்துப் படுத்திருக்காங்க, நான் கீழ பாய்ல. என் முகத்துக்கு நேர் மேல அப்பா முகம், இடது கண்ணு மட்டும் தெறந்து என்னையே பாக்குது. இப்படி ஒரு இடத்துலருந்து நான் அப்பாவைப் பாத்ததே இல்ல.

புதுமைப்பித்தனோட கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும். "மேலகரம்"னு முதல் வார்த்தை வந்ததுமே அப்பா "நம்ம தென்காசிப் பக்கம்"னாங்க, குரல்ல ஒரு தெம்பு. பிராட்வே முக்குல நின்னுக்கிட்டு அந்த மனுஷன் டிராமுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, மிச்சத்துல வெத்தலையா அரை கப் காப்பியான்னு கணக்குப் போடுறாரே, அந்த இடத்தை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. பிறகு கடவுள் காப்பி குடிச்சுட்டு இது நம்ம லீலைன்னு சொல்ல, பிள்ளை உம்ம லீலை இல்ல, ஹோட்டல்காரன் போட்ட சிக்கரியோட லீலைன்னு சொல்ற இடம். அப்பா சிரிச்சாங்க பாருங்க, கட்டிலே ஆடிருச்சு. எனக்கு சிரிப்பு வரலை, பயம்தான் வந்துச்சு, இப்படிக் குலுங்குனா உள்ள ஒட்டிக்கிட்டு வர்றது விட்டுருமோன்னு. சிரிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்க விட்டுப் போச்சு.

சிக்கரியக் கலப்படம்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு கிடையாது. அது ஒரு கிழங்கு வேரு, வறுத்து அரைச்சது, காப்பியே இல்லதான். ஆனா அது தண்ணியப் பிடிச்சு நிறுத்தி மெதுவா விடுது, அதனாலதான் டிகாக்‌ஷன் கெட்டியா வருது, பாலுக்குத் தாங்குது.

ஜூலை 7

டிகாக்‌ஷன். ராத்திரி பத்து மணிக்குப் பொடி போட்டு கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்தி வச்சேன், மூணு மணிக்கு மருந்துக்கு எந்திரிச்சு மூடியத் தொறந்து பாத்தா தண்ணி அப்படியே நிக்குது. கீழ் டப்பால நாலு சொட்டு. பொடி ரொம்ப நைஸா அரைச்சுட்டானோ, நான் அமுக்குனது கூடிப் போச்சோ, ஓட்டை அடைச்சிருக்கோ. அம்மாவோட பித்தளை பில்டர் இது. அவ கைல ஒரு நாளும் நின்னது இல்ல. மேல் டப்பா மேல விரல் முட்டியால ஒரு தட்டு தட்டுவா, டொக்குன்னு, உடனே சொட்ட ஆரம்பிச்சிரும். எந்த இடத்துல தட்டுவான்னு தெரியலை. சுத்திச் சுத்தி எல்லா இடத்துலயும் தட்டிப் பாத்தேன். சத்தத்துக்கு அப்பா முழிச்சுட்டு "அடுப்புல காட்டு"ன்னாங்க. பொடியெல்லாம் வழிச்சுக் கொட்டி, மேல் டப்பாவை மட்டும் இடுக்கில பிடிச்சு கேஸ் தீயில ஓட்டைப் பக்கமாக் காட்டுனேன், கருகுன வாசம் வந்துச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஒவ்வொரு புள்ளியாத் தொறந்துருக்கு, ஊசி குத்துன மாதிரி. அதுல எத்தனை வருஷத்துப் பொடி இருந்துச்சோ. அவ போட்டதும் அதுல இருந்துருக்கும், அது கருகுனப்புறம்தான் எனக்கு ஒறைச்சது.

காலைல டிகாக்‌ஷன் நல்லா இறங்கிருந்துச்சு. டவரால ஊத்தி அப்பா முகத்துக்குக் கீழ பிடிச்சேன். கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, குனிஞ்சு விளிம்புல உதட்டை வச்சுக் குடிச்சாங்க. முழுசும். "எச்சப் பண்ணிட்டேன், தனியா வையி"ன்னாங்க. தனியா வைக்கலை.

ஜூலை 8

இன்னைக்குத் தேரு. அப்பா பாக்காத முதல் ஆனித் தேரு இது. கதை வேண்டாம்னுட்டாங்க. ஜன்னலை மட்டும் தொறந்து வச்சேன்.

ஜூலை 9

கதவு. கி. ராஜநாராயணன் கதை. சின்னப் பிள்ளைங்க கதவுல ஏறி பஸ் விளையாட்டு விளையாடுற வரைக்கும் அப்பா உம் கொட்டிக்கிட்டே இருந்தாங்க. தகப்பன்காரன் மணிமுத்தாறுக்குப் போயிட்டான், பணமும் வரலை, தீர்வை பாக்கிக்குக் கதவைக் கழட்டித் தூக்கிட்டுப் போறாங்க, அப்போ உம் கொட்டுறது நின்னுருச்சு. வாடைக் காத்து உள்ள வருது, கைக்குழந்தைக்கு உடம்பு சுடுது, சரியா அந்த இடத்துல அலாரம். நான் புஸ்தகத்தைக் கவுத்துட்டு எந்திரிச்சேன். "நிறுத்தாத"ன்னாங்க. இல்லப்பா மருந்துன்னேன். "நிறுத்தாதளா." வாசிச்சு முடிச்சேன். முடிக்கும்போது அலாரம் அடிச்சு ஆறு நிமிஷம் ஆயிருந்துச்சு.

ஆறு நிமிஷம். இதை யார்கிட்டயும் சொல்லலை. நாவல்னா எந்திரிச்சிருப்பேன், நாவலை எங்க வச்சாலும் போய் எடுத்துக்கலாம், சிறுகதைய பாதில வச்சுட்டு வந்து தொட்டா சுட வச்ச காப்பி மாதிரி அந்தப் புளிச்ச வாசம் வந்துரும், நான் இதை ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருக்கேன், ஆனா அதுக்காக மருந்தைத் தள்ளிப் போடலாமா? ஆஸ்பத்திரில குடுத்த தாளை எடுத்து மூணு தடவை படிச்சேன். நேரம் தவறினா என்ன ஆகும்னு அதுல இல்ல. சின்னவ கிட்ட போன்ல கேக்கலாம், அவ பதறுவா. அப்பா குறட்டை விடுறாங்க. அந்தக் கதவைத் திரும்பக் கண்டதும் பிள்ளைங்க ஓடிப் போய் அதை இறுக்கிப் பிடிச்சுக்குமே, அதை வாசிக்கும்போது மேலருந்து என் கன்னத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு. எந்தக் கண்ணுலருந்துன்னு தெரியலை. மருந்தா இருக்கலாம்.

ஜூலை 10

ஒட்டியிருக்கு. ஒட்டியிருக்குன்னு டாக்டர் சொன்னார். ஆறு நிமிஷத்தைப் பத்தியும் கேட்டேன், ஒண்ணும் ஆகாதும்மான்னுட்டார்.

ஜூலை 13

இப்போ உக்காரலாம். கேஸ் கரைய ஆரம்பிச்சிருக்கு, வலது கண்ணுல மேல்பக்கம் வெளிச்சம், கீழ ஒரு கோடு ஆடுதாம். "கொத்தனார் ரசமட்டம் வைப்பான்லா, அது கணக்கா"ன்னாங்க. தலையச் சாய்ச்சாக் கோடும் சாயுதாம். தினமும் காலைல காப்பியோட உக்காந்து கோடு எவ்வளவு இறங்கிருக்குன்னு கையால காட்டுறாங்க. நேத்து மூக்கு, இன்னைக்கு அதுக்குக் கொஞ்சம் கீழ.

அசோகமித்திரனோட புலிக்கலைஞன் வாசிச்சேன். காதர் புலியா மாறுற இடத்துல அப்பா டம்ளரைக் கீழ வச்சுட்டாங்க. முடிஞ்சப்புறமும் எடுக்கலை.

ஜூலை 14

பொருளடக்கத்துல ஒரு தலைப்பை மட்டும் தாண்டித் தாண்டிப் போறேன்.

ஜூலை 16

புதுமைப்பித்தன் 1948ல போயிட்டார், 42 வயசு. எனக்கு வர்ற கார்த்திகைக்கு 42.

ஜூலை 18

"செல்லம்மாள் வாசி"ன்னாங்க இன்னைக்கு. நான் அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சுப்பான்னு பொய் சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. கோட்டைக் காட்டுனாங்க, மோவாய்க்கிட்ட.

ஜூலை 19

நானே வாசிச்சேன், அடுக்களைல நின்னுக்கிட்டே. நோயாளிப் பொண்டாட்டி, கவனிக்கறதுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான் கதை. சமைக்கிறது, துடைக்கிறது, கடைக்கு வேலைக்குப் போறது, திரும்ப வந்து பாக்குறது. அம்மாவோட கடைசி நாலு மாசம் நான் மெட்ராஸ்ல இருந்தேன். சனிக்கிழமை வருவேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். நடுவுல அஞ்சு நாள் இந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் அப்பாகிட்டக் கேட்டதே இல்ல. யார் அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா? எந்த டம்ளர்ல? படுத்திருந்தவ எப்படிக் குடிச்சா?

என் காப்பில ஆடை கட்டிருந்துச்சு. அப்படியே குடிச்சேன்.

ஜூலை 20

காலைல கேட்டேன். "ஸ்பூன்ல"ன்னாங்க. அப்புறம் "சிக்கரி வேண்டாம்னு சொல்லுவா, அது மட்டும் கசக்குன்னு, அதனால தனியா அரைச்சு வாங்கிட்டு வருவேன்"னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை, நானும் கேக்கலை.

ஜூலை 22

ராத்திரி சிக்கரி இல்லாம கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன். சரசரன்னு இறங்கிருச்சு. அப்பா இடது கண்ணால அவங்களே வாசிக்கேன்னு புஸ்தகத்தை வாங்கித் தலைமாட்டுல வச்சிருக்காங்க. பக்கம் கிழியலைன்னு இந்நேரம் பாத்துருப்பாங்க. பால்காரர் வந்துட்டார்